அதே பையன்கள்தானா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) ஓர் அணி வருடத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடும். நன்றாக ஆடினால் கூடவே இன்னும் சில கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தால் நவம்பர் கடைசிக்குள் பெரும்பாலான அணிகளுக்குக் கதை முடிந்துவிடும். மீதி மாதங்களில் பேச்சுதான், அந்தப் பேச்சில் யாரும் தோற்பதில்லை. புது கோச் வந்திருக்கிறார், காயத்தில் உட்கார்ந்திருந்தவன் தேறிவிட்டான், பையன்கள் எல்லாரும் குளிர்காலம் முழுக்க எடை தூக்கி உடம்பை ஏற்றியிருக்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் எந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இந்த வருடம் நம்ம அணி தேறிவிடும்.

எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. லிங்கனில் குடியிருந்துகொண்டு அது இல்லாமல் இருக்க முடியாது. நெப்ராஸ்கா மாநிலத்தில் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர்தான். தொழில்முறை ஃபுட்பாலின் என்எஃப்எல் அணியோ, கூடைப்பந்தின் என்பிஏ அணியோ கிடையாது. எல்லாருக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கர்ஸ் அணி ஒன்றுதான். 1962 நவம்பர் முதல் மெமோரியல் ஸ்டேடியத்தில் டிக்கெட் முழுக்க விற்காத ஆட்டம் என்று ஒன்று இல்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமையில் அந்த ஸ்டேடியம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் என்பார்கள். கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தெரியாது.

இந்த ஊரின் நம்பிக்கை ஏன் திரும்பத் திரும்பப் பொய்த்தது என்று யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருக்கிறது. போட்ட கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் யாரை வைத்துக் கணக்குப் போட்டோமோ அவர்கள் செப்டம்பரில் களத்தில் இல்லை. ஓர் அணி தேறுகிறது என்றால் குறிப்பிட்ட சில பையன்கள், ஒருவர் பக்கத்தில் ஒருவர் நின்று, தேறுகிறார்கள் என்று அர்த்தம். சட்டையில் இருக்கும் எழுத்து தானாகத் தேறாது.

ஆஃப்-சீசன் பயிற்சி, அதாவது ஆட்டம் இல்லாத மாதங்களின் பயிற்சி, என்று இன்று எதைச் சொல்கிறோமோ அதில் பெரும்பகுதி லிங்கனில்தான் உருவானது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1967, 1968 இரண்டு வருடமும் நெப்ராஸ்காவுக்கு 6 வெற்றி, 4 தோல்வி. 1968-ன் கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமா 47-0 என்று அடித்து அனுப்பியது. கோச் பாப் டெவனியின் வேலைக்கே ஆபத்து என்ற பேச்சு வந்தது. எடை தூக்கினால் ஆட்டக்காரனின் தசை இறுகி வேகம் குறைந்துவிடும் என்று கோச்கள் உறுதியாக நம்பிய காலம் அது. பாய்ட் எப்லி அப்போது அதே பல்கலைக்கழகத்தில் கோலூன்றித் தாண்டும் மாணவர். முதுகில் அடிபட்டுவிட்டதால் எடைப் பயிற்சி அறையே கதியென்று கிடந்தார். காயத்தோடு அங்கே வந்த ஃபுட்பால் பையன்கள் அவர் செய்வதைப் பார்த்துத் தாங்களும் செய்தார்கள். அணிக்குத் திரும்பியபோது அடிபடுவதற்கு முன் இருந்ததைவிடப் பலமாக இருந்தார்கள்.

இது துணைக் கோச் டாம் ஆஸ்போர்ன் காதுக்குப் போனது. அவர் எப்லியை டெவனியிடம் கூட்டிப்போனார். டெவனி சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: ஒரே ஒருத்தனுக்கு வேகம் குறைந்தாலும் உன் வேலை போச்சு. 1969-ல் எப்லி சேர்ந்தார். அந்த வருடம் 9 வெற்றி. அடுத்த இரண்டு வருடமும், 1970, 1971, தேசியப் பட்டம். 1973-ல் தலைமைக் கோச் ஆன ஆஸ்போர்ன் 25 வருடம் இருந்தார். அதில் ஒரு வருடம்கூட 9 வெற்றிக்குக் கீழே போகவில்லை. 1994, 1995, 1997 மூன்றும் பட்டம் வென்ற வருடங்கள். எப்லி 1978-ல் தொடங்கிய உடற்பயிற்சிக் கோச்களின் சங்கம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது.

எடை தூக்கியது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. எடை தூக்கிய பையன் அங்கேயே இருந்தான் என்பதும் சேர்ந்ததுதான் காரணம். முதல் வருடம் ஆட விடாமல் பயிற்சியில் மட்டும் வைத்திருப்பார்கள். 18 வயதில் 110 கிலோவில் பண்ணை வீட்டிலிருந்து வந்தவன், 22 வயதில் 135 கிலோவில் முன்வரிசையில் நிற்பான். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது, அதை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் தோளோடு தோள் நிற்கும் ஐந்து பேர் இருக்கிறார்களே, அந்த லைன்மேன்களைத்தான் சொல்கிறேன். டிவியில் இவர்களை யாரும் பார்ப்பதில்லை. கண் பந்தின் பின்னாலேயே போகும்.

அடுத்தமுறை ஓர் ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு இவர்களில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரை மட்டும் பாருங்கள். எதிரே 140 கிலோவில் ஒருவன் குனிந்து நிற்கிறான். பந்து அசைந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் காலை எடுத்து வைத்து, இடுப்போடு இடுப்பு ஒட்டி, அவனைப் பின்னால் தள்ள வேண்டும். நடுவில் ஒரு கை அகல இடைவெளி விழுந்தாலும் அவன் அதற்குள் புகுந்துவிடுவான். இரண்டடி தள்ளியதும், இருவரில் ஒருவன் கழன்றுபோய், அவனுக்குப் பின்னாலிருந்து ஓடி வரும் எதிரணித் தற்காப்பு ஆளை, லைன்பேக்கரை, மறிக்க வேண்டும். யார் கழல்வது, எப்போது கழல்வது என்பது அந்த லைன்பேக்கர் எந்தப் பக்கம் வருகிறான் என்பதைப் பொறுத்தது. வாயைத் திறந்து சொல்ல நேரமில்லை. பக்கத்தில் இருப்பவனின் தோள் அழுத்தம் மாறுவதை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே ஆளோடு இரண்டு வருடம் நின்றவனுக்கு இது யோசிக்காமல் வரும். ஜூனில் வந்து சேர்ந்தவனுக்கு, அவன் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், யோசித்துத்தான் வரும். அதற்குள் ஆட்டம் அவனைத் தாண்டிப் போய்விடும்.

சரி, 2021-க்கு வருகிறேன். ஸ்காட் ஃப்ராஸ்ட் கோச்சாக இருந்த நான்காவது வருடம். 1997-ல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், இதே மண்ணின் பையன். 2017-ல் சென்ட்ரல் ஃப்ளோரிடாவைத் தோல்வியே இல்லாமல் கொண்டுபோன கையோடு ஊர் திரும்பியவர். அவர் வந்த வருடத்து ஏப்ரலில், வெறும் பயிற்சி ஆட்டத்துக்கு 86,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஆஃப்-சீசன் போல இன்னொன்றை இந்த ஊர் பார்க்குமா தெரியவில்லை.

2021-ல் ஃப்ராஸ்டின் அணி 3 வெற்றி, 9 தோல்வி. ஆனால் ஒன்பது தோல்வியும் ஒற்றை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில். மொத்தமாகக் கூட்டினால், அடித்த புள்ளி வாங்கிய புள்ளியைவிட 63 அதிகம். மிச்சிகனிடம் மூன்று புள்ளியில், ஓக்லஹோமாவிடம் ஏழில், ஒஹையோ ஸ்டேட்டிடம் ஒன்பதில். மிச்சிகன் ஸ்டேட்டுடன் ஆடிய ஆட்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரண்டாம் பாதி முழுக்க எதிரணியால் ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறுவது) எடுக்க முடியவில்லை. நெப்ராஸ்கா முன்னிலையில் இருக்கிறது, முடிய நாலு நிமிடம்கூட இல்லை. பந்தை உதைத்து எதிரணியிடம் ஒப்படைத்தால் போதும். உதைத்த பந்து ஒரு பக்கம் போனது, அதைத் துரத்த வேண்டிய மொத்தக் கூட்டமும் மறுபக்கம் ஓடியது. ஜேடன் ரீட் பந்தைப் பிடித்து, ஆளே இல்லாத பக்கமாக 62 கெஜம் ஓடி, ஆறு புள்ளி தரும் டச் டவுன் போட்டார். கூடுதல் நேரத்தில் 23-20 என்று தோற்றோம். ஓக்லஹோமா ஆட்டத்தில் நாங்கள் உதைத்த கூடுதல் புள்ளிக்கான பந்தையே தடுத்து, எடுத்துக்கொண்டு ஓடி, அவர்கள் இரண்டு புள்ளி வாங்கினார்கள். அயோவா ஆட்டத்தில் 21-6 என்று முன்னால் இருந்துவிட்டு, பந்தை ஒப்படைக்க உதைக்கும் உதை, பன்ட், ஒன்று தடுக்கப்பட்டு, 28-21 என்று தோல்வி.

அந்த டிசம்பரில் புள்ளியியல் படிக்கும் திருநெல்வேலித் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: “அண்ணா, நெருக்கமான ஆட்டம்னா பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். ஒன்பதுல பாதி திரும்புனாலே அடுத்த வருஷம் ஏழு வெற்றி வந்துரும். ஒண்ணுமே தேற வேண்டாம், இப்படியே இருந்தா போதும்.”

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நெருக்கமான ஆட்டங்களின் முடிவு வருடத்துக்கு வருடம் நிலைப்பதில்லை என்பது இந்த ஆட்டத்தை எண்களால் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஒரு வருடம் எல்லாம் எதிராகப் போனால், அடுத்த வருடம் நடுவுக்கு வரும். அவன் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படியே இருந்தால்.

இப்படியே இருக்கவில்லை. அதற்குள்ளாகவே, நவம்பரில், தாக்குதல் பக்கத்துத் துணைக் கோச்கள் நான்கு பேரை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். நான்கு வருடம் குவார்ட்டர்பேக்காக நின்ற அட்ரியன் மார்ட்டினெஸ் கான்சஸ் ஸ்டேட்டுக்குப் போனார். அவர் போன அணி அடுத்த சீசனிலேயே பிக் 12 என்ற லீக்கின் பட்டம் வென்றது. நடுவில் நின்று பந்தைக் கொடுக்கும் கேம் ஜர்கன்ஸ், தற்காப்பில் கேம் டெய்லர்-பிரிட் இருவரும் என்எஃப்எல் அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். டெக்சஸிலிருந்து புது குவார்ட்டர்பேக், பிட்ஸ்பர்கிலிருந்து புது தாக்குதல் கோச். அதிர்ஷ்டம் கடன்பட்டிருந்த அணி கலைந்தே போய்விட்டது. கடனைத் திருப்பித் தர வந்தாலும் வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இல்லை.

2022-ன் முதல் ஆட்டம் டப்ளினில், நார்த்வெஸ்டர்னுடன். மூன்றாம் கால்பகுதியில் 28-17 என்று முன்னால் இருந்தபோது ஃப்ராஸ்ட் ஆன்சைட் கிக் உதைக்கச் சொன்னார். குட்டையாக உதைத்துத் தாங்களே பந்தைப் பிடிக்கப் பார்ப்பது, தோற்றுக்கொண்டிருப்பவர்கள் கடைசி நிமிடத்தில் செய்யும் காரியம். பந்து நார்த்வெஸ்டர்ன் கையில் போனது, ஆட்டமும் 31-28 என்று போனது. அந்த வருடம் முழுக்க நார்த்வெஸ்டர்ன் வென்ற ஒரே ஆட்டம் அதுதான். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாளே ஃப்ராஸ்டை நீக்கினார்கள். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் கொடுக்க வேண்டிய 1.5 கோடி டாலர் பாதியாகியிருக்கும். அதுவரைகூடப் பொறுக்கவில்லை. வருட முடிவில் 4 வெற்றி, 8 தோல்வி.

அப்புறம் புது கோச்சாக மேட் ரூல் வந்தார். அவரோடு “மூன்றாவது வருடம்” என்ற மந்திரமும் வந்தது. அவர் முன்பு கோச்சாக இருந்த டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் 2-10 (2 வெற்றி, 10 தோல்வி), அடுத்து 6-6, மூன்றாவது வருடம் 10-4. பிறகு போன பெய்லரில் 1-11, 7-6, 11-3. நெப்ராஸ்காவில் 2023-ல் 5-7, 2024-ல் 7-6. 2016-க்குப் பிறகு முதன்முறையாக, நன்றாக ஆடிய அணிகளுக்குச் சீசன் முடிவில் கிடைக்கும் பவுல் ஆட்டம், அதிலும் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றது. ஆக 2025-ல் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையே இல்லை. அந்தக் கோடை முழுக்க சலூனிலும் மளிகைக் கடையிலும் இந்த ஏறுவரிசையைத்தான் கேட்டேன்.

டெம்பிளின் மூன்றாவது வருடத்தில் குவார்ட்டர்பேக் பி.ஜே. வாக்கர், லைன்பேக்கர் டைலர் மட்டாகெவிச். இருவரும் அந்த 2-10 அணியில் அடிவாங்கியவர்கள்தான். பெய்லரின் 11 வெற்றி அணியில் குவார்ட்டர்பேக்காக இருந்த சார்லி புரூவர், 1-11 அணியில் முதலாம் ஆண்டுப் பையன். மூன்றாவது வருடத்தில் மந்திரம் எதுவும் இல்லை. 18 வயதுக்காரர்கள் அதே அறையில் அதே கோச்சிடம் இருந்து 21 வயதுக்காரர்கள் ஆனார்கள். அவ்வளவுதான். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021 வரை, கல்லூரி மாறினால் பொதுவாக ஒரு வருடம் உட்கார வேண்டும். பிறகு ஒருமுறை மாறுவது இலவசம் என்றானது. 2024-ல் அந்தக் கணக்கும் போய், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. போதாக்குறைக்கு 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம், முதல் வருடத்தில் 2.05 கோடி டாலர் வரை. பையன்கள் நல்ல இடம் தேடிப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருடம் கோச்கள் நினைத்த நேரத்தில் போனார்கள், கோடிகளோடு போனார்கள். பையன்களுக்கு மட்டும் ஏன் கூடாது? ஆனால் டெம்பிளிலும் பெய்லரிலும் போட்ட ஏறுவரிசையை இந்தக் காலத்தில் எடுத்து வந்து ஒட்ட முடியாது.

2025-ன் தாக்குதல் முன்வரிசையில் அலபாமாவிலிருந்து ஒருவர், நோட்ர டேமிலிருந்து ஒருவர், இருவரும் அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவர்கள். நல்ல ஆட்டக்காரர்கள், குற்றம் அவர்கள்மேல் இல்லை. ஆனால் நான் மேலே சொன்ன அந்தத் தோள் பாஷை ஒரு கோடைக்குள் வராது. மிச்சிகன் எங்கள் குவார்ட்டர்பேக்கை ஏழு முறை சாக் செய்தது, அதாவது பந்தை வீசுவதற்குள் மடக்கி வீழ்த்தியது. மின்னசோட்டா ஒரே இரவில் ஒன்பது முறை. நவம்பர் 1-ம் தேதி சதர்ன் கலிஃபோர்னியா ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் டிலன் ரையோலாவின் கால் எலும்பு முறிந்தது. வருடம் 7-6 என்று முடிந்தது, முந்திய வருடம் இருந்த அதே இடத்தில். ரையோலா ஓரிகனுக்குப் போய்விட்டார்.

ஆட்கள் மாறுவதுதான் பிரச்சினை என்றால் இண்டியானா எப்படித் தேறியது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023-ல் 3-9. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே மிக அதிகத் தோல்வி கண்ட பெரிய அணி என்ற பெயர் அப்போது அவர்களுக்கு. கோச்சாக கர்ட் சிக்னெட்டி வந்தார். “நான் ஜெயிப்பவன், கூகிளில் தேடிப் பாருங்கள்” என்றார். 2024 தொடங்கும் முன், எங்கள் அணியும் ஆடும் பிக் டென் லீக்கின் செய்தியாளர்கள் 18 அணிகளில் இண்டியானாவுக்குக் கொடுத்த இடம் 17. அந்த அக்டோபரில், ஐந்து வெற்றி ஒரு தோல்வி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புளூமிங்டன் போன எங்கள் அணியை இண்டியானா 56-7 என்று அனுப்பி வைத்தது. வருட முடிவில் 11-2. அடுத்த வருடம் ஒரு தோல்விகூட இல்லாமல் 16-0, 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று வென்று தேசியப் பட்டம்.

சிக்னெட்டி தனியாக வரவில்லை. அவர் முன்பு இருந்த, வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகம் 2023-ல் 11-1 என்று ஆடிய அணி. அங்கிருந்து தற்காப்புக் கோச் பிரையன்ட் ஹெய்ன்ஸ், தாக்குதல் கோச் மைக் ஷானஹன், கூடவே 13 ஆட்டக்காரர்கள் புளூமிங்டனுக்கு வந்தார்கள். லைன்பேக்கர் ஏடன் ஃபிஷர், ரிசீவர் எலைஜா சாரட், கார்னர்பேக் டி’ஏஞ்சலோ பாண்ட்ஸ், தற்காப்பு முன்வரிசையில் மிக்கைல் கமாரா. இவர்களுக்கு யாரும் எதையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒருவரையொருவர் தெரியும், கோச்சின் கத்தலுக்கு அர்த்தம் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லித்தரவும் தெரியும். 3-9 அணி ஒரே குளிர்காலத்தில் தேறிவிட்டது என்று வெளியே எல்லாரும் வியந்தார்கள். உண்மையில், ஏற்கெனவே தேறியிருந்த ஓர் அணியின் முதுகெலும்பு வர்ஜீனியாவிலிருந்து இண்டியானாவுக்கு வீடு மாறியது. இரண்டு வருடம் கழித்து, அரையிறுதியான பீச் பவுலில் ஓரிகன் வீசிய முதல் பந்தையே இடைமறித்துப் பிடித்து டச் டவுனுக்கு ஓடியவர் அதே பாண்ட்ஸ்தான்.

இதனால்தான் ஆஃப்-சீசன் செய்திகளில் நான் முதலில் தேடுவது யார் வருகிறார் என்பதை அல்ல. யார் இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்பதை. பில் கானெலி என்ற எழுத்தாளர் ஒவ்வொரு வருடமும் ஒவ்வோர் அணியிலும் போன வருட ஆட்டத்தில் எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று கணக்கிட்டு வெளியிடுகிறார். பயனுள்ள வேலை. வெளியிலிருந்து வருபவர்கள் முன்பு ஆடியதையும் அதில் சேர்க்க வேண்டிய நிலை இப்போது வந்திருக்கிறது. வந்தவர்கள் சேர்ந்து வந்தார்களா, தனித்தனியாக வந்தார்களா என்பதை மட்டும் அந்த எண் காட்டாது. நாம்தான் பெயர்ப்பட்டியலை எடுத்துவைத்துப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் மாதப் பயிற்சி ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வைத்து அணியை எடைபோட முடியாது, குவார்ட்டர்பேக்கைத் தொடவே விடமாட்டார்கள். ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். 2013 ஏப்ரலில் மூளையில் புற்றுநோயோடு இருந்த ஏழு வயது ஜாக் ஹாஃப்மன், தன் உடம்புக்குப் பெரிதான சட்டையைப் போட்டுக்கொண்டு 69 கெஜம் ஓடி டச் டவுன் போட்டது இந்த ஸ்டேடியத்தின் பயிற்சி ஆட்டத்தில்தான். இரண்டு பக்கத்துப் பையன்களும் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டார்கள். ஜாக் 2025 ஜனவரியில் இறந்துபோனான். அந்த வருடம்தான் வழக்கமான பயிற்சி ஆட்டம் வேண்டாம் என்று ரூல் முடிவு செய்தார். டிவியில் பார்த்துவிட்டு மற்ற அணிகள் நம் பையன்களைக் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஏப்ரலிலும் போர்ட்டல் திறந்திருந்த வருடம் அது. அவர் பயம் நியாயம்தான். ஊருக்கு அது பெரிய இழப்பு என்பதும் நியாயம்தான்.

இந்த வருடம் அந்த ஏப்ரல் வாசலை மூடிவிட்டார்கள். 2026 முதல் போர்ட்டல் வருடத்துக்கு ஒரே முறை, இந்தமுறை ஜனவரி 2 முதல் 16 வரை. கோச் மாறிய அணிகளுக்கு மட்டும் தனி அவகாசம் உண்டு. அதனால் பிப்ரவரியில் எடை தூக்குகிறவன், வசந்தகாலத்தின் பதினைந்து பயிற்சியிலும் பக்கத்தில் நிற்பவனோடு காலடி பழகுகிறவன், செப்டம்பரில் அதே ஆளின் பக்கத்தில் நிற்பான். பல வருடத்துக்குப் பிறகு வசந்தகாலப் பயிற்சி என்பது ஆடப்போகும் அணியின் பயிற்சியாக ஆகியிருக்கிறது. நெப்ராஸ்கா தேறும் என்று நான் இந்த வருடமும் நம்புகிறேன். யாராவது ஏன் என்று கேட்டால், புது குவார்ட்டர்பேக்கைப் பற்றிப் பேசாமல், முன்வரிசையின் இடது பக்கத்தில் கார்டும் டேக்கிளுமாக நிற்கப்போகும் அந்த இரண்டு பையன்களின் பெயரைச் சொல்லிவிட்டு, மார்ச்சிலிருந்து ஒன்றாக நிற்கிறார்கள் என்பேன்.